பழைய கல்யாண வீடியோவில் முகம் அகன்று தெரிந்தால்

புளியரையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் அவருடைய அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபத்தில் எல்இடி திரை வைக்கிறார்கள். அதில் ஓட்டுவதற்காக நான்கு விதமான வீடியோக்களை ஒன்றாகக் கோத்துக்கொண்டிருக்கிறார். 1996இல் புனலூரில் நடந்த பெற்றோரின் கல்யாண விஎச்எஸ் கேசட், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சித்தப்பா 1999இல் தம் சிறிய கேமராவில் எடுத்தது, 2009இல் நடந்த புதுமனை புகுவிழா, இப்போதைய கைபேசிக் காட்சிகள். கேசட்டை ஒரு கடையில் கொடுத்து எம்பி4 கோப்பாகப் பென்டிரைவில் வாங்கியிருக்கிறார். எடிட்டிங் மென்பொருளில் போட்டதும் கல்யாணத்தில் எல்லோரும் குண்டாகவும் புதுமனை புகுவிழாவில் எல்லோரும் ஒல்லியாகவும் தெரிகிறார்கள். மூலையைப் பிடித்து இழுத்தால் ஒரு காட்சி ஒழுங்காகிறது, அடுத்தது கெடுகிறது. "இறந்துபோன ஆச்சி அசைவதை நாங்கள் பார்க்க இருப்பது இந்த ஒரு கேசட்தான். முகம் மாறியிருக்கிறது என்று தெரிகிறது, எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியவில்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்வது கடினம். கோணலான படத்தையும் பத்து நிமிடம் விடாமல் பார்த்தால் கண் அதற்குப் பழகிவிடும். மூலையைப் பிடித்து இழுப்பவர்கள் காலையில் ஓர் அளவிலும் இரவில் வேறோர் அளவிலும் நிறுத்துவது இதனால்தான். அளந்து பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அளந்து கிடைக்கும் எண், படம் எந்த இடத்தில் கெட்டது என்பதையும் சேர்த்தே சொல்லும். செங்கோட்டையில் 27 ஆண்டுகளாகக் கல்யாண வீடியோக்களுக்கு மிக்சிங் செய்துவருகிறேன். இந்த வேலையில் நான் எல்லாவற்றையும்விட அதிகமாக நம்புவது இந்த அளவைத்தான்.

கேசட்டில், வட்டமாக இருந்தே தீரவேண்டிய பொருள் ஒன்றைத் தேடுங்கள். அது கேமராவுக்கு நேராக முகம் காட்டியிருக்க வேண்டும். பெண் வீடு புனலூர் என்பதால் செண்டை இருந்திருக்கலாம். ஆனால் செண்டையின் முகம் மேலே பார்த்திருக்கும். கேமரா அதைச் சாய்வாகத்தான் காணும் என்பதால் நல்ல படத்திலேயே அது நீள்வட்டமாகத் தெரியும். நிலவிளக்கின் தட்டும் தாம்பாளமும் அப்படித்தான் ஏமாற்றும். தவில் ஏமாற்றாது. வித்வான் பக்கவாட்டில் திரும்பி உட்காரும்போது அதன் வலந்தலை, அதாவது வலப்பக்கத்து வட்டமுகம், நேரே கேமராவைப் பார்க்கும் ஒரு நொடி எப்படியும் கிடைக்கும். சுவர்க்கடிகாரம் இருந்தால் மிக நல்லது. பக்கவாட்டில் எடுத்த பஸ் சக்கரமும் போதும். நெற்றிப் பொட்டை மட்டும் நம்பாதீர்கள். அது மிகச் சிறியது, நெற்றியின் வளைவில் வேறு உட்கார்ந்திருக்கும்.

அந்த நொடியில் படத்தை நிறுத்தி, டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை வரிசையாகக் கோக்கும் இடம்) தெரிகிற அதே தோற்றத்தில் ஒரு ஸ்டில்லாக வெளியே எடுங்கள். டைம்லைன் 1920க்கு 1080 என்று, சதுரப் பிக்சலில் இருக்கட்டும். படங்களைத் திருத்தும் ஏதாவதொரு மென்பொருளில் அந்த ஸ்டில்லைத் திறந்து, வட்டத்தின் அகலம் எத்தனை பிக்சல், உயரம் எத்தனை பிக்சல் என்று குறித்துக்கொள்ளுங்கள். அகலத்தை உயரத்தால் வகுங்கள்.

விடை 1 என்றால் படம் நலமாக இருக்கிறது. 1.33க்கு அருகில் வந்தால், அகலம் 4, உயரம் 3 என்ற 4:3 வடிவத்துப் பழைய படத்தை யாரோ இன்றைய அகலத்திரையின் 16:9 சட்டத்துக்குள் இழுத்து அடைத்திருக்கிறார்கள். 1.10 என்றால் அமெரிக்க முறைக் கேமராவின் படத்தை மென்பொருள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 0.91 என்றால் அதே தவறு நம் நாட்டு முறைப் படத்துக்கு நேர்ந்திருக்கிறது. 0.75 என்றால் அகலத்திரைப் படம் 4:3க்குள் நெருக்கப்பட்டிருக்கிறது. 0.69 என்றால் பழைய டேப்பில் அகலத்திரையாகப் பதிந்த படத்தை அப்படியே சதுரப் பிக்சலாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று சதவீதம் முன்பின் இருந்தால் அளந்த கை நடுக்கம் என்று விட்டுவிடலாம். உங்கள் கல்யாணக் காட்சியில் 1.33 வரும் என்று எதிர்பார்க்கிறேன், புதுமனை புகுவிழாவில் 0.75.

இந்த எண்கள் வரும் வழி தெரிந்துவிட்டால் இனி எந்தக் கோப்பைப் பார்த்தும் திகைக்க மாட்டீர்கள். வாசலில் போடும் புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 7க்கு 7 என்று நேர்ப்புள்ளி வைக்கிறோம். குறுக்கே இரண்டு விரல் இடைவெளியும் நெடுக்கே ஒரு விரல் இடைவெளியும் விட்டால் புள்ளிக்கணக்கு சரியாகவே இருக்கும், தாமரை மட்டும் தட்டையாகிவிடும். வீடியோக் கோப்பிலும் புள்ளிகளின் எண்ணிக்கை வேறு, புள்ளியின் வடிவம் வேறு. கணினித் திரையில் பிக்சல் சதுரம். கேசட் காலத்து டிஜிட்டல் வீடியோவில் அது சதுரம் கிடையாது.

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. நாம் எடுத்துக்கொண்டது பால் (PAL) என்ற முறை. அதில் மொத்தம் 625 கோடுகள், படத்தைத் தாங்குபவை 576, நொடிக்கு 25 படங்கள். தொலைக்காட்சிப் படத்தை எண்களாக மாற்றுவதற்கான சிசிஐஆர் 601 என்ற உலகப் பொதுவிதியும் அதே 1982இல்தான் வந்தது. அமெரிக்காவின் 525 கோடு முறைக்கும் நம்முடைய 625 கோடு முறைக்கும் ஒரே கணக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காக, நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை மாதிரி எடுப்பது என்று முடிவு செய்தார்கள். அதனால் இரண்டு முறையிலும் ஒரு கோட்டுக்கு 720 பிக்சல் என்று ஆயிற்று. ஆனால் கோடுகள் இங்கே 576, அங்கே 480. படத்தின் வடிவமோ இரண்டிலும் 4:3, அதாவது 1.33. நம் 720ஐ 576ஆல் வகுத்தால் 1.25தான் வருகிறது, ஆகவே நம் பிக்சல் சற்று அகலமானது. அவர்களுடைய 720ஐ 480ஆல் வகுத்தால் 1.5 வருகிறது, ஆகவே அவர்கள் பிக்சல் சற்று ஒடுங்கியது. இந்த வேறுபாடு தெரியாத மென்பொருள் இரண்டையும் சதுரமாக எடுத்துக்கொள்ளும்போது, நம் கேசட் ஆட்கள் மெலிகிறார்கள், சித்தப்பாவின் கேமரா ஆட்கள் பருக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி உள்ளே போகிறேன். பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் பால் முறைக்கு 1.094 என்ற எண்ணைப் பார்ப்பீர்கள். ஒரு பிக்சலின் அகலம் அதன் உயரத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது அது. பால் முறையில் ஒரு கோட்டில் படம் இருக்கும் நேரம் 52 மைக்ரோ நொடி. அந்த நேரத்துக்குள் விழுபவை 702 பிக்சல்கள். மீதி 18, ஓரத்துக்கு 9 என்று இருபுறமும் நிற்கும். கேசட்டைக் கணினியில் ஏற்றினால் பக்கங்களில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதே, அது இதுதான். 576 கோட்டு உயரத்துக்கு 4:3 அகலம் 768. அதை 702ஆல் வகுத்தால் 1.094. பழைய மென்பொருள்கள் 720 முழுவதையும் படமாகக் கொண்டு 1.067 என்று வைத்திருந்தன. இரண்டுக்கும் வேறுபாடு இரண்டரை சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓரத்துக் கறுப்பை முதலில் வெட்டிவிட்டு, மிச்சத்தை மறுபடி 720 என்று நினைத்துக் கணக்குப் போட்டால் தவறு வளர்ந்துகொண்டே போகும். வெட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கல்யாணக் கேசட். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கடைக்காரர் தந்த கோப்பைத் திறந்து பாருங்கள். அகலம் 1920, உயரம் 1080 என்று காட்டினால், "ஃபுல் எச்டி" என்று சொல்லிக் கொடுப்பதற்காக அவர்கள் 4:3 படத்தை நான்கு பக்கமும் இழுத்து நிரப்பி, அப்படியே உருக்கி வார்த்திருக்கிறார்கள் என்று பொருள். இங்கே பிக்சல் வடிவத்தை மாற்றிப் பயனில்லை. அகலத்தையும் உயரத்தையும் சேர்த்தே மாற்றும் யூனிஃபார்ம் ஸ்கேல் என்ற குறியை எடிட்டிங் மென்பொருளில் எடுத்துவிட்டு, அகலத்தை மட்டும் 75 சதவீதம் ஆக்குங்கள். 1920 என்பது 1440 ஆகும். வலந்தலை மறுபடி வட்டமாகும். அகலத்தை மட்டும் தனியே குறைப்பது நியாயமாகிற இடம் இது ஒன்றுதான், அதுவும் 75 என்று எண்ணாகத் தட்டவேண்டும், இழுத்து நிறுத்தக் கூடாது.

ஆனால் இதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்பது என் வேண்டுகோள். பழைய வீடியோ ஒரு படத்தை இரண்டு பாதியாக, ஒற்றைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைக் கோடுகள் ஒரு முறை என்று பதிகிறது. இதை இன்டர்லேஸ் என்பார்கள். அந்தக் கோடுகளைப் பிரித்து ஒழுங்காக்காமல் 576ஐ 1080ஆக உயர்த்திவிட்டால், கை வீசும் இடத்திலெல்லாம் சீப்புப் பற்கள் போல் தடித்த வரிகள் விழும். அந்த வரிகளை அதன் பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாக நீக்க முடியாது. மாப்பிள்ளை தாலி கட்டும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். விரல்களைச் சுற்றி அந்தப் பற்கள் தெரிந்தால், கேசட்டைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை ஏற்றுவதுதான் வழி. இம்முறை கடையில் இப்படிச் சொல்லுங்கள்: "720க்கு 576, நொடிக்கு 25, இன்டர்லேஸ் அப்படியே இருக்கட்டும், பெரிதாக்க வேண்டாம், ஓரம் வெட்ட வேண்டாம், ஃபுல் எச்டி வேண்டாம்." காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கேசட்டைக் கொடுப்பதற்கு முன் அதன் மூடியைத் தூக்கி டேப்பைப் பாருங்கள். நம் மலையடிவாரத்துச் சாரலில் பீரோவுக்குள் 28, 30 ஆண்டுகள் கிடந்த கேசட்டுகளில் வெள்ளைப் பொடி போல் பூஞ்சை படர்ந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பூஞ்சையோடு இயந்திரத்தில் போட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும், டேப்பும் கிழியலாம். முதலில் துடைத்து எடுக்கத் தெரிந்தவரிடம் போங்கள். உங்கள் கேசட்டில் மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் புனலூர் போகும் காட்சி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது மீட்டர் கேஜ் ரயில். 2010இல் மலைப்பாதையில் நிறுத்தப்பட்டு, 2018இல் அகல ரயிலாகத் திரும்பியது. கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் அந்தப் பழைய பெட்டிகள் போவதை இனி யாரும் எடுக்க முடியாது. ஆச்சியின் முகத்தைப் போலவே அதுவும் உங்கள் வீட்டில் மட்டும் இருக்கலாம். 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் மலைக்கு இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நிற்கவில்லை. அதன் சாட்சியாக இருப்பவை இந்தக் கேசட்டுகள்தான். இரண்டாம் முறை பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

சரியாக ஏற்றிய 720க்கு 576 கோப்பு கைக்கு வந்தபின், முதலில் இன்டர்லேஸைப் பிரியுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் யாடிஃப் என்ற வடிகட்டி இதற்கென்றே இருக்கிறது. பாதிப் படங்கள் ஒவ்வொன்றையும் முழுப் படமாக்கி நொடிக்கு 50 என்று எடுத்தால் அசைவு கேசட்டில் ஓடியது போலவே வழுக்கிக்கொண்டு போகும். ஆட்கள் முன்னும் பின்னும் துள்ளினால் ஒற்றை, இரட்டை வரிசை மாறியிருக்கிறது, அதைத் திருப்பிப் போடுங்கள். அளவை மாற்றும் வேலை இதற்குப் பிறகுதான்.

அடுத்து, கோப்பின் பிக்சல் எந்த வடிவம் என்று மென்பொருளுக்குச் சொல்லவேண்டும். இதை டைம்லைனில் செய்யாதீர்கள், கோப்புகள் அடுக்கியிருக்கும் பட்டியலில் செய்யுங்கள். பிரீமியர் புரோவில் கோப்பின் மேல் வலது சொடுக்கு, மாடிஃபை, அதில் இன்டர்பிரெட் ஃபுட்டேஜ். பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்ற இடத்தில் கன்ஃபார்ம் டு என்பதைத் தேர்ந்து, டி1/டிவி பால் (D1/DV PAL) 1.0940 என்பதைக் கொடுங்கள். டாவின்சி ரிசால்வில் மீடியா பூலில் வலது சொடுக்கு, கிளிப் ஆட்ரிபியூட்ஸ், அங்கும் பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோ இருக்கிறது. கேடென்லைவில் கிளிப் ப்ராப்பர்ட்டீஸிலும், ஷாட்கட்டில் ப்ராப்பர்ட்டீஸ் பலகையிலும் ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3 என்று கையால் கொடுக்கலாம். அந்தக் கோப்பிலிருந்து நீங்கள் எத்தனை துண்டு வெட்டி எங்கே வைத்தாலும் இந்தத் திருத்தம் கூடவே போகும். டைம்லைனில் ஒவ்வொரு துண்டாக இழுத்தீர்களே, அதனால்தான் ஒன்று சரியாகி மற்றது கெட்டது.

இதைச் செய்வதற்கு முன் இதுவரை இழுத்த இழுப்பையெல்லாம் அழித்து, ஸ்கேலை 100க்குத் திருப்புங்கள். நான் பார்க்கும் கோப்புகளில் பாதி, திருத்தத்தின் மேல் திருத்தம் விழுந்து கெட்டவை. ரிசால்வில் இன்னோர் இடத்தையும் பாருங்கள். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் இமேஜ் ஸ்கேலிங் பகுதியில், அளவு பொருந்தாத கோப்புகளை என்ன செய்வது என்று ஒரு தேர்வு இருக்கும். அது எல்லா மூலைக்கும் இழு என்று இருந்தால் நீங்கள் எவ்வளவு சரிசெய்தாலும் அது மீண்டும் இழுக்கும். முழுப் படமும் உள்ளே பொருந்தட்டும் என்பதற்கு மாற்றிவிடுங்கள்.

சித்தப்பாவின் படம் 720க்கு 480 என்று இருக்கும், நொடிக்கு 29.97. அதற்கு அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC) 0.9091 கொடுத்தால் போதும். இந்திய டேப்புக்கு உரிய எண்ணை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள், இன்னும் பருத்துவிடுவார்கள்.

2009 புதுமனை புகுவிழா பெரும்பாலும் எச்டிவி கேமராவில் எடுத்ததாக இருக்கும். 2003இல் வந்த அந்த முறை மினிடிவி கேசட்டிலேயே உயர்தரப் படத்தை அடக்க, 1920 பிக்சலுக்குப் பதில் 1440 மட்டும் பதிந்தது. ஒவ்வொரு பிக்சலையும் காட்டும்போது 1.333 மடங்கு அகலமாக்கிக் காட்டவேண்டும் என்று கோப்புக்குள் ஒரு குறிப்பு இருக்கும். கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது யாரோ அந்தக் குறிப்பைத் தொலைத்திருக்கிறார்கள், 1440க்கு 1080 மட்டும் மிஞ்சியிருக்கிறது. படத்துக்கு ஒரு சேதமும் இல்லை. எச்டி அனமார்ஃபிக் 1.333 என்று கொடுத்தவுடன் வீடு நிறைந்து நிற்கும். சினிமாஸ்கோப்பும் இதே வேலைதான். படம் எடுக்கும்போது லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கும், தியேட்டரில் இன்னொரு லென்ஸ் விரிக்கும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். விரிக்கும் லென்ஸ் இல்லாமல் அதை ஓட்டியிருந்தால் சோழ மன்னரும் உங்கள் வீட்டார் போலவே மெலிந்துதான் தெரிந்திருப்பார்.

கைபேசிக் காட்சிகளின் பிக்சல் சதுரமானது, அவற்றைத் தொடாதீர்கள். நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை சாய்ந்து விழுந்தால் 90 பாகை திருப்புங்கள், அவ்வளவுதான்.

இப்போது வடிவம் சரியாகிவிட்டது. ஆனால் 4:3 படத்துக்கு இரண்டு பக்கமும் 240 பிக்சல் வெறுமையாக நிற்கும். வீட்டில் யாராவது "திரை நிறையவில்லையே" என்பார்கள். அந்தக் கடைக்காரர் இழுத்து அடைத்ததும் இந்தப் பேச்சுக்குப் பயந்துதான். நானும் ஒரு காலத்தில் பயந்து அடைத்திருக்கிறேன். 2011இல் ஒரு வீட்டில் அப்படிப் போட்டுக் காட்டியபோது, முன்வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கு முகம் நீளம்" என்று மெல்லச் சொன்னார். அவர் இறந்து அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அம்மாளுக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து நான் ஒரு படத்தையும் இழுத்து அடைப்பதில்லை.

திரையை நிரப்ப வேண்டுமென்றால் வெட்டி நிரப்பலாம், ஆனால் என்ன போகிறது என்று தெரிந்து வெட்டுங்கள். 4:3 படத்தை 1920 அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் 1440 ஆகும். அதில் 360 கோடுகள், அதாவது கால் பங்கு, வெளியே போய்விடும். தலையோ, தாலியைப் பிடித்த கையோ போய்விடும். நடுவழி ஒன்று உண்டு. அகலத்திரை வந்த புதிதில் பிரிட்டன் தொலைக்காட்சிகள் 14:9 என்ற இடைப்பட்ட வடிவத்தைப் பயன்படுத்தின. படத்தை 1680 அகலத்துக்குப் பெரிதாக்குங்கள், உயரம் 1260 வரும். மேலும் கீழும் 90 கோடுகள் மட்டும் போகும். கேசட் படத்தின் அடியில் நடுங்கும் வரிகள் தெரியுமே, அவையும் இதில் மறைந்துவிடும். பந்தி, ஊர்வலம் போன்ற கூட்டக் காட்சிகளுக்கு இதை நான் செய்வதுண்டு. ஆச்சி வரும் காட்சிக்குச் செய்ய வேண்டாம். முழுப் படமும் இருக்கட்டும், பக்கங்கள் கறுப்பாகவே இருக்கட்டும். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் விரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. அசையும் மங்கல் இரண்டு பக்கமும் கண்ணை இழுக்கும், நடுவில் இருக்கும் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக மண்டபத்துத் திரை. வீட்டில் எல்லாம் சரியாக இருந்து, அங்கே கெடுவது மிக அதிகம். தொலைக்காட்சி போல எல்இடி திரை 16:9 என்று எண்ணிவிடாதீர்கள். அது பலகைகளை அடுக்கிக் கட்டுவது, இருக்கும் பலகைக்கு ஏற்ற வடிவம் வரும். அரை மீட்டர் பலகையில் 128க்கு 128 பிக்சல் உள்ள வகை ஒன்று இருக்கிறது. அதில் குறுக்கே 8, மேலே 5 அடுக்கினால் 1024க்கு 640. விகிதம் 1.6. உங்கள் மடிக்கணினி 1.78 விகிதத்தில் படம் அனுப்பும். திரையை இயக்கும் கருவி அதை நெருக்கி 1.6க்குள் நிரப்பும். எல்லோரும் பத்து சதவீதம் மெலிவார்கள். அளந்தால் 0.90 வரும். பால் பிக்சல் தவறுக்கு வரும் 0.91க்கு இது மிக அருகில் இருப்பதால், பலர் மண்டபத்திலிருந்து திரும்பி வந்து நல்ல கோப்பைத் திருத்திக் கெடுக்கிறார்கள். கணினியில் வட்டமாக இருப்பது திரையில் மட்டும் நீண்டால் கோப்பைத் தொடாதீர்கள்.

திரை வைப்பவரிடம் இப்போதே போனில் கேளுங்கள், குறுக்கே எத்தனை பிக்சல், மேல்கீழாக எத்தனை பிக்சல் என்று. அடிக்கணக்கு மட்டும் சொன்னாலும் வகுத்துக்கொள்ளலாம். 12 அடிக்கு 8 அடி என்றால் 1.5. திரை 1.6 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டைம்லைன் 1920க்கு 1080 ஆகவே இருக்கட்டும். தேவையானவை எல்லாம் நடுவில் 1728 பிக்சல் அகலத்துக்குள் அடங்கும்படி வையுங்கள், ஏனென்றால் 1080ஐ 1.6ஆல் பெருக்கினால் 1728. பெயர், தேதி எழுதும் எழுத்துகளும் அதற்குள்ளேயே இருக்கட்டும். இடமும் வலமும் 96 பிக்சலை வெட்டிவிட்டு மிச்சத்தைத் திரையில் நிரப்பும்படி அவருடைய கருவியில் அமைக்கச் சொல்லுங்கள். உள்ளே வரும் படத்தை ஓரம் வெட்டி எடுக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. கல்யாணப் படத்தின் 1440 அகலம் அதற்குள் தாராளமாக அடங்கும், பக்கத்துக் கறுப்பும் 240லிருந்து 144 ஆகக் குறையும்.

வீடியோவின் தொடக்கத்தில் கறுப்புப் பின்னணியில் ஒரு பெரிய வெள்ளை வட்டத்தைப் பத்து நொடி வைத்து, அதைத் தனிக் கோப்பாகவும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலை திரை கட்டி முடித்தவுடன் மண்டபத்துக்குப் போய் அந்த வட்டத்தை ஓட்டச் சொல்லுங்கள். திரையருகே போய் ஒரு கயிற்றால் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வரும்வரை கருவியில் மாற்றச் சொல்லிவிட்டு, ஆச்சி வரும் காட்சியை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.